கப்பலை விட்டு எங்கே இறங்குவது?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கோடையில் நம் குடியிருப்பிலிருந்து நான்கு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா புறப்படுகிறீர்கள். அதில் இரண்டு வீட்டில் அலாஸ்கா கப்பலுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது என்று கேள்வி. "அண்ணே, நீங்க போன ஆகஸ்டில் போயிட்டு வந்தீங்களே, நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். வங்கியில் 36 வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். மேடைப் பழக்கம் இல்லை. அதனால் கணக்கு ஒப்பிக்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். வரவு உண்டு, செலவு உண்டு, ஒரு நஷ்டக் கணக்கும் உண்டு. அந்த நஷ்டம் முழுக்க என் கையால் வந்தது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

கப்பல் என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பர்மா, மலேயா, சைகோன் என்று நம் பக்கத்து ஆட்கள் கப்பலேறிப் போய்த்தான் இங்கே தேக்கும் சலவைக்கல்லும் வந்தன. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. ஆனால் அவர்கள் வேலைக்குப் போனார்கள். எங்கே இறங்குவது என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை. நமக்கு அந்தக் குழப்பம்தான் முதல் வேலை.

எப்படி என்று சொல்கிறேன். கப்பல் சியாட்டிலில் புறப்பட்டு ஏழு ராத்திரியில் அங்கேயே திரும்புகிறது. நாங்கள் போன வழி ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன், கடைசியாகக் கனடாவின் விக்டோரியா. சாப்பாடும் தங்கலும் கப்பல் கட்டணத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு ஊரிலும் இறங்கி எதைப் பார்ப்பது என்பதற்குத் தனிக் கட்டணம். இதைத்தான் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்கிறார்கள். கரைச் சுற்றுலா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊருக்கு ஐம்பது அறுபது வகை போட்டிருப்பார்கள். திமிங்கலம் பார்ப்பது, ஹெலிகாப்டரில் போய்ப் பனியின் மேல் இறங்குவது, நாய் வண்டி, ரயில், படகு, மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் போவது. நல்லதாக எது எடுத்தாலும் ஆளுக்கு 150 டாலர் என்று பேச்சு ஆரம்பிக்கும். ஹெலிகாப்டர் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஐந்து பேர், மூன்று ஊர் என்று பெருக்கிப் பாருங்கள். கப்பல் டிக்கெட்டுக்குச் சமமாக இதுவும் வந்து நிற்கும்.

மகள் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பி, "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் எது பிடிக்கும்னு சொல்லுங்க" என்றாள். நான் நாலு பத்தி போட்டுத் தாள் தயார் செய்தேன். எத்தனை மணி நேரம், எத்தனை டாலர், எத்தனை இடம், ஒரு இடத்துக்கு என்ன விழுகிறது. கடைசிப் பத்திதான் எனக்கு முக்கியம். ஜூனோவில் திமிங்கலமும் பனியாறும் சேர்ந்த ஐந்தரை மணி நேரச் சுற்றுலா மலிவாகத் தெரிந்தது. ஸ்காக்வேயில் எல்லை தாண்டிக் கனடாவின் யூகான் வரை பேருந்தில் எட்டு மணி நேரம். அதில்தான் இடங்கள் அதிகம். வீட்டம்மாவிடம் கேட்டேன். "எதுன்னாலும் சரிங்க" என்றாள். சரி என்று குறித்துக்கொண்டேன். கணக்கு சரியாக இருந்தது. கேள்விதான் தப்பாக இருந்தது.

ஜூனோவில் இறங்கினோம். அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. கப்பலில் வரவேண்டும், இல்லையென்றால் விமானத்தில். முதலில் படகு. கூன்முதுகுத் திமிங்கலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டுக் கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. படகுகள் 100 கெஜத்துக்கு உள்ளே நெருங்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தூரத்திலும் அது வாலைத் தூக்கி முங்கும்போது படகில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அடுத்து மெண்டன்ஹால் பனியாறு. ஊரிலிருந்து இங்கே தேவகோட்டை போகிற தூரம்தான். மலையிலிருந்து இறங்கி வந்து அப்படியே உறைந்து நிற்கிற ஆறு. பக்கத்தில் ஒரு அருவி. அதற்கு நடந்து போய் வர இரண்டு மைல்.

அந்தப் பாதையில் பாதி தூரத்தில் வீட்டம்மா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது, தலை சுற்றுகிறது என்றாள். பக்கத்தில் வந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். மகளும் மருமகனும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கப்பலுக்குத் திரும்பி அங்குள்ள மருத்துவரிடம் காட்டினோம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். "காலையிலிருந்து என்ன குடித்தீர்கள்?" என்று கேட்டார். அரை டம்ளர் காப்பி. அழுத்த மாத்திரையும் போடவில்லை. போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், பேருந்திலும் படகிலும் வழி இருக்காதே என்று பயந்து மாத்திரையையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். எனக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

இதில் வேதனை என்னவென்றால் படகில் கழிப்பறை இருந்தது. பனியாற்று வரவேற்பு மையத்திலும் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அருவி வரை நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியே போகிற சின்னப் பாதை ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்தே பனியாறு நன்றாகத் தெரிகிறது. அதையும் நாங்கள் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவளிடம், "வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். "புள்ள காசு போட்டுட்டா. நீங்க கணக்குப் போட்டு வச்சுட்டீங்க. இதுல எனக்கு ஒதுங்க இடம் வேணும், முட்டி வலிக்குதுன்னு நான் எங்கிட்டுச் சொல்றது?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அப்புறம் கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை. "உனக்கு என்ன பார்க்கணும்?"

"அந்தத் தாள்ல ஒரு ரயில் இருந்துச்சே" என்றாள்.

உங்களில் பலருக்குத் தெரியாது. என் மாமனார் மானாமதுரைப் பக்கம் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். தண்டவாளத்தோடு நடந்து ஆணி பார்க்கிற வேலை. மீட்டர் கேஜ் காலம். என் தாளில் ரயிலை நான் அடித்துவிட்டிருந்தேன். ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்புகிறது, மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு காசா என்று.

காலையில் மகளிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கப்பலின் சுற்றுலா கவுண்டருக்குப் போனாள். யூகான் பேருந்தை ரத்து செய்யும் கெடு முந்தின நாளே முடிந்துவிட்டிருந்தது. பணம் திரும்பாது. மகளும் மருமகனும் பேருந்தில் போவது, பேத்தியோடு நாங்கள் இருவரும் ரயிலில் போவது என்று முடிவானது. மூன்று பேருக்கான பேருந்துப் பணம் போயிற்று. மூன்று பேருக்கு ரயில் டிக்கெட் புதிதாக வாங்கினோம். இதுதான் நான் முதலில் சொன்ன நஷ்டக் கணக்கு.

அந்த ரயிலின் பெயர் வைட் பாஸ் அண்ட் யூகான் ரூட். 1896-ல் கனடாவின் குளோண்டைக் பக்கம் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஸ்காக்வேயில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான சாமான் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றது கனடா போலீஸ். ஏறக்குறைய ஒரு டன். அதை முதுகிலும் குதிரையிலும் சுமந்து மலை ஏறினார்கள். அந்தக் கணவாயில் செத்த குதிரைகள் மட்டும் 3,000 என்று சொல்கிறார்கள். தங்கம் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களுக்குச் சாமான் விற்றவர்கள்தான் காசு பார்த்தார்கள். இது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

1898-ல் தொடங்கி 1900-ல் அந்த ரயில் பாதையை முடித்தார்கள். அதற்குள் தங்க வேட்டையே அடங்கிவிட்டது. தண்டவாளத்தின் அகலம் மூன்று அடி. நம் பழைய மீட்டர் கேஜைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு. கடல்மட்டத்திலிருந்து 20 மைல் தூரத்தில் 2,865 அடி ஏறுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும். பெட்டிக்குப் பெட்டி கழிப்பறை. ஏறும்போது இடதுபக்கம் காட்சி அதிகம். உச்சியில் எல்லோரும் இடம் மாறி உட்காரச் சொல்வார்கள், அதனால் சண்டை வேண்டாம். இறங்காமல் உச்சி வரை போய்த் திரும்புகிற டிக்கெட்தான் நம் வயசுக்குப் போதும்.

ஒரு வளைவில் ரயில் மெதுவாகப் போனது. ஆரஞ்சுச் சட்டை போட்ட தொழிலாளி ஒருவர் கையில் கருவியோடு தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி நின்று வழி விட்டார். வீட்டம்மா எழுந்து நின்று கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். "எங்க அப்பா இப்படித்தான் நிப்பாரு" என்று பேத்தியிடம் சொன்னாள். பேத்திக்கு ஒன்பது வயசு. கொள்ளுத் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். இறங்குகிற வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். என் தாளில் இதற்குப் பத்தி இல்லை.

மறுநாள் கிளேசியர் பே. அங்கே இறங்குவதே இல்லை, தனிக் கட்டணமும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்காவின் வனக் காவலர்கள் கப்பலிலேயே ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். 1794-ல் வான்கூவரின் கப்பல்கள் அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவின் வாய் வரை பனி அடைத்திருந்ததாம். 1879-ல் ஜான் மியூர் வந்தபோது 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. மேல்தளத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்தால் இடி இடித்த மாதிரி சத்தம், சற்றுப் பிந்தி வந்து சேரும். பயணத்தில் காசில்லாத நாளும் அதுதான், எல்லோரும் சேர்ந்திருந்த நாளும் அதுதான்.

கெட்சிகனிலும் சுற்றுலா எதுவும் வாங்கவில்லை. தமிழ்நாட்டில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு பெய்கிற ஊர். மழைச்சட்டை போட்டுக்கொண்டு கப்பலிலிருந்து நடந்தே ஓடைத்தெருவுக்குப் போனோம். தண்ணீருக்கு மேல் மரக்கால் ஊன்றிக் கட்டிய வீடுகள். கீழே சால்மன் மீன்கள் பிறந்த ஓடையைத் தேடிக் கடலிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறுகின்றன. பாலத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தோம். அந்த ஊரில் டோட்டம் கம்பங்களும் உண்டு. பெரிய மரத்தில் காக்கை, கழுகு, கரடி என்று செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். சாமி என்று நினைத்து நான் கும்பிடப் போனேன். இல்லையாம், குலத்தின் அடையாளமும் கதையும் சொல்கிற கம்பம். திலிங்கித் ஜனங்களில் காக்கைப் பிரிவு, கழுகுப் பிரிவு என்று இரண்டு. வழக்கப்படி ஒரு பிரிவுக்குள்ளேயே சம்பந்தம் செய்வதில்லை. ஒரே நகரக் கோவில் பங்காளிகளுக்குள் பெண் எடுப்பதில்லை என்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது உடனே புரிந்தது.

இனி, போகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது.

முதலில் காகிதம். அமெரிக்கக் கொடி இல்லாத கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வெளிநாட்டு ஊர் ஒன்றைத் தொடாமல் கொண்டுபோய்த் திரும்ப இறக்கக் கூடாது என்று 1886-ல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் விக்டோரியாவில் நிற்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசா இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். உங்கள் அமெரிக்க விசா பல முறை நுழைய அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை.

அடுத்து, யாரிடம் வாங்குவது. வெளியே வாங்கினால் விலை குறையலாம். ஆனால் கப்பல் மூலம் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே வாங்கினால் காத்திருக்காது. ஜூனோவில் கப்பலை விட்டால் அடுத்த ஊருக்குப் பேருந்து பிடித்துப் போக முடியாது, சாலையே இல்லை. நேரம் அதிகம் பிடிக்கிற, தூரமான சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்குங்கள். துறைமுகத்து வாசலிலேயே இருப்பதை வெளியே வாங்கலாம். ஜூனோவில் கரையிலிருந்தே 1,800 அடி உயரத்துக்குக் கம்பி வண்டி போகிறது, அந்த மாதிரி. அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி பின்னால். கைபேசியை நம்பாமல் கப்பல் அறிவிக்கிற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வையுங்கள். ரத்து செய்யும் கெடுவைத் தனியாகக் குறித்து வையுங்கள். என் காசு அங்கேதான் போயிற்று.

சாப்பாடு. 'மதிய உணவு உண்டு' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சுட்ட சால்மனாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பே கேளுங்கள். கப்பலில் சமைத்ததைக் கரைக்குக் கொண்டு இறங்க விடமாட்டார்கள். உறை பிரிக்காத பிஸ்கட், கடலைமிட்டாய் கைப்பையில் இருக்கட்டும். படகுச் சுற்றுலாவில் குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையை இங்கேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை. நம் ஊருக்கு ஒரே நாளில் வருகிற விருந்தாளி பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம் கோட்டை எல்லாம் வேண்டும் என்றால் நாம் என்ன சொல்வோம்? "ரெண்டு பாருங்க, நல்லா பாருங்க, மத்தியானம் சாப்பிட்டுப் படுங்க" என்போம். அதையே நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்று ஊரில் ஒன்றுக்கு மட்டும் காசு போட்டாலும் போதும்.

கடைசியாக, நான் தப்பாகக் கேட்ட கேள்வி. ஆண்களுக்குச் சொல்கிறேன். "எது வேணும்?" என்று பட்டியலை நீட்டாதீர்கள். எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை படி ஏற முடியும், எத்தனை மணிக்கு ஒரு தரம் ஒதுங்க வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். கேட்டதைச் சுற்றுலாக்காரர்களிடம் விசாரித்துவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள். பெண்களுக்குச் சொல்கிறேன். ஆச்சிமார்களே, அக்காமார்களே, "எதுன்னாலும் சரி" என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செலவு மிச்சம் பண்ணுவதாக நினைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு ஆன செலவு மூன்று பேருந்து டிக்கெட், ஒரு மருத்துவர் கட்டணம், மகளின் ஒரு ராத்திரித் தூக்கம். முட்டி வலியைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் நம்மைக் கூட்டிப் போவது நாம் சந்தோஷப்படுவதைப் பார்க்கத்தான். எதில் சந்தோஷம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டு வந்தால் அந்தத் தாளின் நகல் தருகிறேன். இப்போது அதில் முதல் பத்தியின் தலைப்பை மாற்றியிருக்கிறேன். 'எத்தனை டாலர்' என்று இருந்த இடத்தில் 'யாருக்காக' என்று எழுதியிருக்கிறேன். வீட்டம்மா பார்த்துவிட்டு, "கழிப்பறைக்கும் ஒரு பத்தி போடுங்க" என்றாள். போட்டாகிவிட்டது.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.